முள் குத்தினால் ஏன் வீங்குகிறது, அப்புறம் எப்படி வற்றுகிறது? அழற்சியை ஆளும் புரதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டு வந்தபோது எங்கள் ஊரும் தண்ணீருக்குள் இருந்தது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஓர் ஆற்றங்கரைக் கிராமம். தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்கு வீடு ஒரே கதைதான்: சகதிக்குள் கிடந்த சீமைக்கருவேல முள்ளோ உடைந்த ஓடோ காலில் ஏறி, வீங்கி, நெறி கட்டி, ராத்திரி காய்ச்சல். நான் முன்பு ஓர் ஆய்வகத்தில் நாலு வருஷம் அழற்சி சம்பந்தமான வேலை பார்த்தேன், இப்போது பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் ஊருக்குப் போனால் ஆளாளுக்கு ஒரு கேள்வி, வகுப்புக்கு வந்தால் அங்கே நாலு கேள்வி. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

"ஏட்டி, முள்ளு காலுலதான குத்துச்சு, தொடை இடுக்குல எதுக்கு நெறி கட்டுது?"

இது எங்கள் ஆச்சி கேட்டது. குதிகாலுக்குப் பக்கத்தில் குத்தியிருந்தது. ஊசியால் நோண்டி எடுத்துப் பார்த்தால் முள் ஒரு நெல் நீளம்கூட இல்லை, நுனி மட்டும் கறுத்திருந்தது. ஆனால் அதைச் சுற்றி ஒரு ரூபாய்த் துட்டு அகலத்துக்குத் தோல் சிவந்து, தொட்டால் சுட்டது, லேசாக அமுக்கினாலே ஆச்சி காலை இழுத்துக்கொண்டாள். சிவப்பு, சூடு, வீக்கம், வலி. சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமில் செல்சஸ் எழுதிவைத்த அழற்சியின் நாலு அடையாளங்களும் அந்தத் துட்டு அகலத்துக்குள் இருந்தன.

தோலுக்கு அடியில் மேக்ரோஃபேஜ்கள் என்ற பெருவிழுங்கி செல்கள் எப்போதும் குடியிருக்கின்றன. முள்ளோடு உள்ளே போன கிருமியை முதலில் தொடுவது அவைதான். தொட்டதும் டி.என்.எஃப்., இண்டர்லூகின்-1, இண்டர்லூகின்-6 என்ற தூதுப் புரதங்களை வெளியே விடுகின்றன. பக்கத்தில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. இதனால் அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அதனால்தான் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவரில் இடைவெளி விழுந்து நீர் கசிகிறது, அது வீக்கம். அந்த இடைவெளி வழியாகத்தான் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் சில மணி நேரத்துக்குள் வந்து குவிகின்றன. மூணாம் நாள் நாம் பார்க்கிற சீழில் பெரும்பங்கு அப்படி வந்து செத்துப்போன நியூட்ரோஃபில்கள்தான்.

நெறிக்கு வருகிறேன். காயம்பட்ட இடத்தில் டென்ட்ரிட்டிக் செல்கள் என்று இன்னொரு கூட்டம் உண்டு. அவை கிருமியின் துண்டுகளை எடுத்துக்கொண்டு நிணநீர்க் குழாய் வழியாக மேலே ஏறி, தொடை இடுக்கில் இருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் போய் அங்குள்ள டி செல்கள் என்ற வெள்ளையணுக்களிடம் காட்டுகின்றன. அங்கே செல்கள் பெருகுவதால் முடிச்சு பருக்கிறது. ஆச்சியின் கைக்குத் தட்டுப்பட்ட நெறி அந்த வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

முள்ளைப் பற்றிய ஒரு கதை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1882-ல் இத்தாலியின் மெசினாவில் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர், கண்ணாடி மாதிரித் தெளிவான நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்துவிட்டு மறுநாள் காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நகரும் செல்கள் முள்ளைச் சுற்றிக் கூடியிருந்தன. செல்கள் கிருமியை விழுங்கி நம்மைக் காக்கின்றன என்ற எண்ணம் அங்கேதான் வேர்பிடித்தது, 1908-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

செல்லுக்குக் கண்ணா இருக்கிறது? உள்ளே வந்தது கிருமி என்று எப்படித் தெரிகிறது?

செல்லின் மேலே ஏற்பிப் புரதங்கள் இருக்கின்றன. டோல் போன்ற ஏற்பிகள், சுருக்கமாக டி.எல்.ஆர்., நமக்கு 10 வகை. ஒவ்வொன்றும் கிருமிகளிடம் மட்டும் இருக்கக்கூடிய, கிருமிகளால் லேசில் மாற்றிக்கொள்ள முடியாத ஒரு பொருளைப் பிடிக்கும். நாலாவது ஏற்பி, கிராம்-நெகட்டிவ் என்ற வகை பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடைப் பிடிக்கிறது. ஐந்தாவது, பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் வாலின் புரதத்தை. மூன்றாவது, வைரஸ் பெருகும்போது வரும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை. ஒன்பதாவது, பாக்டீரியா பாணி டி.என்.ஏ.வை.

டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் ஏற்பிகள் செல்லின் வெளித்தோலில் இருப்பதில்லை, உள்ளே விழுங்கிய பைகளின் சுவரில் இருக்கின்றன. காரணம் இருக்கிறது. வெளியே வைத்தால் நம்முடைய சொந்தச் செல்கள் சாகும்போது சிந்துகிற டி.என்.ஏ.வையும் எதிரி என்று பிடித்துவிடும். எதைப் பார்ப்பது என்பது மாதிரியே எங்கே நின்று பார்ப்பது என்பதும் ஒரு கட்டுப்பாடு.

பழ ஈயின் கரு வளர்ச்சியைப் படித்தபோதுதான் டோல் மரபணு முதலில் கிடைத்தது, ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'அபாரம்' என்கிற மாதிரி அர்த்தம். அதே மரபணு கெட்டுப்போன ஈ பூஞ்சையை எதிர்க்க முடியாமல் சாகிறது என்று 1996-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் லெமெய்ட்டரும் ஹாஃப்மனும் காட்டினார்கள். உடம்பெல்லாம் பூஞ்சை நூல் படர்ந்து செத்துக் கிடக்கும் ஈயின் படம் ஒன்று உண்டு, ஒரு தடவை பார்த்தால் மறக்காது. 1998-ல் பியூட்லர் குழு, லிப்போபாலிசாக்கரைடு கொடுத்தாலும் அசையாத ஓர் எலி வகையில் கெட்டிருப்பது டி.எல்.ஆர்.-4 என்று கண்டுபிடித்தது. 2011-ல் ஹாஃப்மன், பியூட்லர் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். மூன்றாவது ஆள், டென்ட்ரிட்டிக் செல்லைக் கண்டுபிடித்த ஸ்டைன்மன். அறிவிப்பு வருவதற்கு மூன்று நாள் முன்புதான் அவர் இறந்திருந்தார்.

வெள்ளத்துக்கு அப்புறம் எலிக்காய்ச்சல் பற்றிப் பேசினார்களே, அந்தக் கிருமி இந்த ஏற்பிக்கு மாட்டாதா?

நல்ல கேள்வி, ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பெண் கேட்டது. எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவுக்கும் வெளிச்சுவரில் லிப்போபாலிசாக்கரைடு இருக்கிறது, ஆனால் அதன் அமைப்பு கொஞ்சம் வேறு. எலியின் டி.எல்.ஆர்.-4 அதை அடையாளம் காண்கிறது, மனிதனுடையது காண்பதில்லை. நமக்கு டி.எல்.ஆர்.-2 வழியாகத்தான் தகவல் போகிறது. எலி அந்தக் கிருமியைச் சுமந்துகொண்டு நன்றாக நடமாட, நமக்கு மட்டும் மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் வரைக்கும் போவதற்கு இதுவும் ஒரு காரணம். புண்ணோடு வெள்ளத் தண்ணீரில் நடக்காதீர்கள் என்று சுகாதாரத் துறையினர் சொல்வது இதற்காகத்தான், எலி மூத்திரம் கலந்த தண்ணீர் அந்தப் புண் வழியாக உள்ளே வரும்.

ஏற்பி பிடித்துவிட்டது, சரி. அதற்கப்புறம் செல்லுக்குள் என்ன நடக்கிறது?

பாடப்புத்தகத்தில் அம்புக்குறியாகப் போட்டு முடித்துவிடுவார்கள், எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஏற்பியின் உள்பக்க வாலில் மைடி88 என்ற இணைப்புப் புரதம் வந்து ஒட்டுகிறது. அதன்மேல் ஐராக்-4, ஐராக்-1 என்ற கைனேஸ்கள் அடுக்கிக்கொள்கின்றன. கைனேஸ் என்றால் இன்னொரு புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிற நொதி. அடுத்து டிராஃப்-6 வருகிறது. அது யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலமே கொண்ட குட்டிப் புரதத்தைச் சங்கிலியாகக் கோர்க்கிறது. அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு டேக்-1 என்ற கைனேஸும் ஐ.கே.கே. என்ற கைனேஸும் பக்கத்தில் பக்கத்தில் வந்து சேர, முன்னது பின்னதை எழுப்பிவிடுகிறது.

இனிதான் முக்கியம். என்.எஃப். கப்பா பி என்று ஒரு புரதம், 1986-ல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டுபிடித்தது. நூற்றுக்கணக்கான அழற்சி மரபணுக்களை இயக்கக்கூடியது, ஆனால் அதற்கு உட்கருவுக்குள் போயாக வேண்டும். சாதாரண நேரத்தில் அது வெளியே சைட்டோபிளாசத்தில் கட்டிப்போட்டுக் கிடக்கும். கட்டிப்போட்டிருக்கும் புரதத்தின் பெயர் ஐ கப்பா பி. ஐ.கே.கே. வந்து அதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது, உடனே அதன்மேல் யுபிக்விட்டின் ஏறுகிறது, அதைப் பார்த்த புரோட்டியசோம் என்ற அரைவை இயந்திரம் அதை இழுத்துத் துண்டுதுண்டாக்கிவிடுகிறது. கட்டு அவிழ்ந்த என்.எஃப். கப்பா பி உட்கருவுக்குள் ஓடுகிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் இதை மடை கணக்காகச் சொல்வேன். தென்கால் வாய்க்காலில் தண்ணீர் எப்போதும் நிற்கிறது, வயலுக்குப் புதிதாகத் தண்ணீர் கொண்டுவர வேண்டியதில்லை, அடைப்பை எடுத்தால் போதும், பாய்ந்துவிடும். செல்லும் அப்படித்தான். கிருமி வந்த பிறகு புரதத்தைச் செய்ய ஆரம்பித்தால் மணிக்கணக்காகும், முன்கூட்டியே செய்து அடைத்து வைத்திருப்பதால் நிமிஷக் கணக்கில் வேலை தொடங்குகிறது.

இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆய்வகத்தில் மேக்ரோஃபேஜ்களுக்கு லிப்போபாலிசாக்கரைடு கொடுத்து, 0, 15, 30, 60, 90 நிமிஷத்தில் செல்களை உடைத்து, புரதத்தை ஜெல்லில் ஓட்டி, ஐ கப்பா பி-யை மட்டும் காட்டும் ஆன்டிபாடியால் தேடுவோம். இருட்டறையில் எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி, சிவப்பு விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் பூஜ்யம் நிமிஷத்தில் கட்டியான கறுப்புப் பட்டை. 15-ல் வெளிறல். 30-ல் இடமே காலி. 60-ல் மறுபடியும் பட்டை வந்து நிற்கும். முதல் தடவை மாதிரிகளை வரிசை மாற்றி ஊற்றிவிட்டேனோ என்று நினைத்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். திரும்பவும் அதே பட்டை, அதே 60-வது நிமிஷத்தில்.

போனது எப்படித் திரும்பி வருகிறது?

என்.எஃப். கப்பா பி உட்கருவுக்குள் போய் முதலில் இயக்குகிற மரபணுக்களில் ஒன்று ஐ கப்பா பி-யின் மரபணுவேதான். தன்னைக் கட்டிப்போடப் போகிற கயிற்றைத் தானே திரிக்கிறது. புதிதாக உண்டான ஐ கப்பா பி உட்கருவுக்குள் நுழைந்து, டி.என்.ஏ.வில் உட்கார்ந்திருக்கும் என்.எஃப். கப்பா பி-யைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிடுகிறது.

இது ஒன்று மட்டும் போதாது, கிருமி இன்னும் இருந்தால் ஐ.கே.கே. மறுபடியும் அதை அழிக்கும். அதனால் மேலேயிருந்தே அடைக்கிற ஆட்களும் வேண்டும். அதில் பெரியவர் ஏ20. இதுவும் அதே என்.எஃப். கப்பா பி-யால் இயக்கப்படும் மரபணுதான். நான் சொன்ன யுபிக்விட்டின் சங்கிலி இரண்டு விதமாகக் கோர்க்கப்படலாம். 63-வது இடத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் வழியாகக் கோர்த்தால் அது ஆட்கள் கூடுகிற மேடை, 48-வது இடத்து லைசின் வழியாகக் கோர்த்தால் அழிக்கச் சொல்லும் முத்திரை. கோர்க்கிற இடம் மாறினால் பொருளே மாறிவிடுகிறது. ஏ20 ஒரு முனையால் மேடைச் சங்கிலியை வெட்டி எடுக்கிறது, இன்னொரு முனையால் அதே புரதத்தின்மேல் அழிவு முத்திரையைக் குத்துகிறது. ஒரே புரதத்துக்குள் இரண்டு வேலையும் இருக்கிறது என்று 2004-ல் தெரியவந்தது, படித்த அன்று நான் அந்தக் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன்.

ஏ20 இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஏ20 மரபணுவை நீக்கிய எலிக்குட்டிகள் பிறந்து சில வாரத்துக்குள் மெலிந்து செத்துப்போகின்றன, ஈரல், சிறுநீரகம், குடல் எல்லாவற்றிலும் அழற்சி. 2000-ல் வந்த முடிவு இது. அந்தக் குட்டிகளை யாரும் எந்தக் கிருமிக்கும் உட்படுத்தவில்லை. பின்னால் செய்த சோதனைகளில், ஏ20-யோடு சேர்த்து மைடி88-ஐயும் நீக்கினால் அந்தக் கொடூர அழற்சி வரவில்லை. ஆக, குடலில் சாதாரணமாக வாழ்கிற நல்ல பாக்டீரியாக்கள் தினமும் தட்டுகிற தட்டே அவற்றைக் கொல்லப் போதுமாக இருந்திருக்கிறது. நமக்கும் அந்தத் தட்டு ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. ஏ20 அடைத்துக்கொண்டே இருப்பதால்தான் நமக்குத் தெரிவதில்லை. மனிதர்களிலும், ஏ20-யின் ஒரு பிரதி கெட்டுப்போன குடும்பங்களைப் பற்றி 2016-ல் எழுதினார்கள். சின்ன வயசிலேயே வாய்ப்புண், அந்தரங்க உறுப்புகளில் புண், மூட்டு வலி, திரும்பத் திரும்பக் காய்ச்சல்.

அப்போ எதிர்ப்பு சக்தியைக் கூட்டணும் என்று எல்லாரும் சொல்கிறார்களே?

கூட்ட வேண்டாம். ஏ20 இல்லாத எலிகளுக்கு இருந்தது கூடிப்போன எதிர்ப்பு சக்திதான், அதனால்தான் செத்தன. கூட்டித் தருகிறோம் என்று விற்கிற பொடிக்கும் டானிக்குக்கும் காசு கொடுக்கும் முன் எந்தப் புரதத்தைக் கூட்டுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சாப்பாடு, தூக்கம், அட்டவணைப்படி தடுப்பூசி, சர்க்கரை கட்டுக்குள் இருப்பது, இவை அந்த ஏற்பாடு ஒழுங்காக ஓட உதவும். தேவைப்படும்போது திறந்து, தேவை முடிந்ததும் அடைக்கத் தெரிந்த உடம்புதான் நல்ல உடம்பு.

எங்க மாமாவுக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் கால் பெருவிரல் நெருப்பாக எரிந்தது. முள்ளும் இல்லை, அடியும் படவில்லை. டாக்டர் யூரிக் ஆசிட் என்கிறார். கிருமியே இல்லாமல் எப்படி அழற்சி?

ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடிப்போனால், உடம்பிலேயே கொஞ்சம் குளிர்ச்சியான பெருவிரல் மூட்டில் ஊசி ஊசியாகப் படிகமாகிறது. மேக்ரோஃபேஜ் அதைக் கிருமி என்று நினைத்து விழுங்குகிறது, ஜீரணிக்க முடியாமல் உள்ளே சேதம் ஆகிறது. அந்தச் சேதத்தை உணர்கிறது என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதம். அது ஆஸ்க் என்ற புரதத்தையும் காஸ்பேஸ்-1 என்ற வெட்டும் நொதியையும் சேர்த்துக்கொண்டு ஒரு பெரிய கூட்டமைப்பாகிறது. யுர்க் சோப் என்ற ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானி 2002-ல் இந்த மாதிரி அமைப்புக்கு இன்ஃபிளமசோம் என்று பெயர் வைத்தார், யூரிக் ஆசிட் படிகம் இதைத்தான் எழுப்புகிறது என்று 2006-ல் காட்டியதும் அவர் குழுதான்.

காஸ்பேஸ்-1 இரண்டு வெட்டு வெட்டுகிறது. ஒன்று, செயலற்றுக் கிடந்த இண்டர்லூகின்-1 பீட்டாவின் முன்வடிவத்தை வெட்டி வீரியமாக்குகிறது. இரண்டு, காஸ்டெர்மின் டி என்ற புரதத்தை வெட்டுகிறது. அதன் துண்டுகள் செல்சவ்வில் ஓட்டை போடுகின்றன, ஓட்டை வழியாக இண்டர்லூகின் வெளியே பாய்கிறது, செல் உப்பி வெடிக்கிறது. 2015-ல்தான் இந்த இரண்டாவது வெட்டு தெரிந்தது.

இவ்வளவு ஆபத்தான வேலைக்கு இரட்டைப் பூட்டு இருக்கிறது. முன்வடிவத்தைச் செய்யவே முதலில் என்.எஃப். கப்பா பி வழியாக ஒரு உத்தரவு வேண்டும், அப்புறம் சேதம் என்ற இரண்டாவது உத்தரவு வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். வயிறு நிறையக் கறியும் குடியும் ஆன விருந்துக்கு மறுநாள் ராத்திரி பெருவிரல் பிடித்துக்கொள்வது ஏன் என்று இதிலிருந்து கொஞ்சம் விளங்கும். படிகம் பல மாதமாக அங்கேயே இருந்திருக்கும், இன்னொரு உத்தரவுக்காகக் காத்திருந்திருக்கும்.

மாமாவுக்கு எழுதிக் கொடுத்தது கோல்ச்சிசின் மாத்திரை. அது எங்கிருந்து வருகிறது தெரியுமா, நம் மாநிலப் பூவான செங்காந்தளில் இருந்து. நம் பக்கம் வேலியில் ஏறி நெருப்புச் சுடராகப் பூத்துக் கிடக்கும் கண்வலிக்கிழங்குதான் அது. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே பயிரிட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். கோல்ச்சிசின் செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தோடு ஒட்டி, நுண்குழாய்களைக் கட்டவிடாமல் செய்கிறது. அதனால் நியூட்ரோஃபில்கள் ஓடிவர முடியவில்லை, இன்ஃபிளமசோம் கூடுவதும் தடைப்படுகிறது. ஒன்றை மட்டும் கெட்டியாக மனசில் வையுங்கள்: கிழங்கு கொடிய விஷம். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு, மாத்திரையையே அளவு தாண்டினால் ஆளை முடித்துவிடும். கிழங்கை அரைத்துக் குடிக்கச் சொல்லி யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கல்குவாரியில் வேலை செய்கிறவர்களுக்கு நெஞ்சு கெட்டுப்போவதும் இதே கதைதானா?

ஆமாம், அதே என்.எல்.ஆர்.பி.3. பாறையை உடைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூள் நுரையீரலின் மேக்ரோஃபேஜுக்குள் போய் அதன் ஜீரணப் பையைக் கிழிக்கிறது, இன்ஃபிளமசோம் எழுகிறது. யூரிக் ஆசிட் படிகமாவது கரையும், சிலிக்கா கரையவே கரையாது. செத்த செல்லிலிருந்து வெளியே விழுந்த தூளை அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும், அந்த இடம் தழும்பாகிக்கொண்டே போகும். தழும்பான நுரையீரலைத் திருப்பித் தரும் மருந்து கிடையாது. தண்ணீர் அடித்துத் தூளை அமுக்குவதும் சரியான முகமூடியும் முதலாளி செய்துதர வேண்டிய காரியம், ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்யச் சொல்வது அநியாயம்.

டெங்கு மாதிரி வைரஸ் செல்லுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டால்?

செல்லுக்குள்ளேயும் காவல் இருக்கிறது. ரிக்-ஐ, எம்.டி.ஏ.5 என்ற புரதங்கள் வைரஸ் ஆர்.என்.ஏ.வை உணர்ந்து, மைட்டோகாண்ட்ரியாவின் மேல் இருக்கும் மேவ்ஸ் என்ற புரதத்திடம் சொல்கின்றன. இருக்கக்கூடாத இடத்தில் டி.என்.ஏ. கிடந்தால் சி-காஸ் என்ற நொதி அதைப் பிடித்து ஒரு சிறிய மூலக்கூறைச் செய்கிறது, அது ஸ்டிங் என்ற புரதத்தை எழுப்புகிறது. இரண்டு பாதையும் டி.பி.கே.1 வழியாக இண்டர்ஃபெரானில் போய் முடிகின்றன. இண்டர்ஃபெரான் பக்கத்துச் செல்களை எச்சரிக்கும் புரதம்.

2012-ல் திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு பரவியபோது கடையநல்லூர்ப் பக்கம் பட்டபாடு பலருக்கும் நினைவிருக்கும். தற்செயலாக அதே வருஷம்தான் டெங்கு வைரஸின் ஒரு தந்திரமும் வெளிவந்தது. வைரஸ் தன் புரதங்களை வெட்டிக்கொள்ள வைத்திருக்கும் கத்திரி நொதி, மனிதனின் ஸ்டிங்கையும் வெட்டிவிடுகிறது. எலியின் ஸ்டிங்கை அதனால் வெட்ட முடியாது, ஏனென்றால் வெட்டுகிற இடத்தில் அமினோ அமிலங்கள் வேறு. டெங்கு ஆர்.என்.ஏ. வைரஸ் ஆயிற்றே, டி.என்.ஏ. காவலை எதற்கு வெட்ட வேண்டும் என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். வைரஸ் செல்லை வதைக்கும்போது மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. கசிந்து வெளியே வரும், சி-காஸ் அதைப் பார்த்துவிடும், அதற்காகத்தான்.

காய்ச்சல் வந்தால் உடனே மாத்திரை போடலாமா?

இண்டர்லூகின்-1, இண்டர்லூகின்-6, டி.என்.எஃப். இவை மூளையின் ஹைப்போதலாமஸ் பக்கம் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பொருளை உண்டாக்கி உடம்பின் சூட்டு அளவை ஏற்றிவைக்கின்றன. பாராசிட்டமால் அதை இறக்கும், மேலுக்கு முடியாமல் கிடந்தால் போட்டுக்கொள்ளலாம். டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவு வரும்.

வலிக்கு மருந்துக்கடையில் சின்னதாக ஒரு மாத்திரை தருகிறார்கள், ஒரே நாளில் எல்லாம் பறந்துவிடுகிறது. அது என்ன?

பெரும்பாலும் ஸ்டீராய்டு. இதில் எனக்குக் கோபமும் வருத்தமும் உண்டு. சிக்குன்குனியா வந்துபோன பிறகு எங்கள் சித்திக்கு மூட்டு வலி மாதக்கணக்கில் விடவில்லை. ஒரு கடையில் சீட்டு இல்லாமலே பொட்டலம் மடித்துக் கொடுத்தார்கள், எட்டு மாதம் சாப்பிட்டிருக்கிறாள். முகம் நிலா மாதிரி உப்பியது, சர்க்கரை ஏறியது, தோல் மெலிந்து லேசாக இடித்தாலே ரத்தம் கட்டியது. நான் பொட்டலத்தைப் பார்த்துவிட்டுப் பயந்து, நிறுத்து சித்தி என்று சொல்லியிருந்தால் அது இன்னும் பெரிய தப்பாகியிருக்கும். பல மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் நம் அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டுவிடும், திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆள் சரிந்துவிடக்கூடும். டாக்டரிடம் கூட்டிப்போய்ப் படிப்படியாகக் குறைத்தோம்.

மருந்தின் மேல் பழி சொல்ல முடியாது. ஸ்டீராய்டு செல்லுக்குள் போய் தன் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குள் நுழைந்து, என்.எஃப். கப்பா பி-யைச் செயல்படவிடாமல் தடுக்கிறது, அழற்சியை அடைக்கிற புரதங்களின் மரபணுக்களைத் திறந்தும் விடுகிறது. 2020-ல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் சாவை டெக்ஸாமெத்தசோன் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அதே ஆய்வில் ஆக்சிஜனே தேவைப்படாத நிலையில் இருந்தவர்களுக்கு அதனால் பயன் இல்லை. கிருமியோடு சண்டை நடக்கும்போது மடையை அடைத்தால் கிருமிக்குத்தான் வசதி, சண்டை முடிந்தும் வெள்ளம் வடியாதபோது அடைத்தால் உயிர் பிழைக்கும். எந்த மருந்து என்பதைவிட எப்போது என்பது முக்கியம். அது கடைக்காரருக்குத் தெரியாது.

மஞ்சளும் நிலவேம்பும் அழற்சியைக் குறைக்கும் என்கிறார்களே, உண்மையா?

ஆய்வகத் தட்டில் உண்மை. நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு, என்.எஃப். கப்பா பி-யின் ஒரு பகுதியில் இருக்கும் குறிப்பிட்ட சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது, 2004-ல் காட்டினார்கள். மஞ்சளின் குர்குமினும் தட்டில் இருக்கும் செல்களில் ஐ.கே.கே. வேலையைக் குறைக்கிறது. ஆனால் தட்டு வேறு, உடம்பு வேறு. சாப்பிட்ட குர்குமினில் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகவும் சொற்பம், போனதும் சீக்கிரம் சிதைந்துவிடும். போதாததற்குத் தானே நிறமும் ஒளிர்வும் உள்ள பொருள் என்பதால் சோதனைக் கருவிகளையே ஏமாற்றிவிடும், நானே அதில் ஒரு மாதத்தைத் தொலைத்திருக்கிறேன். குழம்புக்கு மஞ்சள் போடுங்கள், நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறவர்கள் குடியுங்கள், டெங்குக்காரரின் தட்டணு எண்ணிக்கையைப் பார்ப்பதை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

மாரடைப்புக்கும் அழற்சிக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ரத்தக்குழாய்ச் சுவரில் கொலஸ்ட்ராலும் படிகமாகும், அதுவும் என்.எல்.ஆர்.பி.3-ஐ எழுப்பும். 2017-ல் வெளியான கான்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரைச் சேர்த்துக்கொண்டு, இண்டர்லூகின்-1 பீட்டாவை மட்டும் தடுக்கும் கனகினுமாப் என்ற ஊசியைச் சோதித்தார்கள். கொலஸ்ட்ராலைத் தொடவே இல்லை, இருந்தும் 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பும் பக்கவாதமும் இதயச் சாவும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. கூடவே தொற்றினால் சாவது சற்றுக் கூடியது. ஒரே ஒரு தூதுப் புரதத்தைத் தடுத்ததற்கே அந்த விலை. நம் செங்காந்தளின் கோல்ச்சிசினையும் குறைந்த அளவில், இதய நோய் உள்ளவர்களுக்கு, 2023-ல் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் நீட்டில் வருமா அக்கா?

அழற்சி, இண்டர்ஃபெரான், நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் வரைக்கும் வரும். ஏ20 வராது. படித்துவையுங்கள்.

முள்ளை எடுத்தாச்சு. வீக்கம் எப்ப வத்தும்?

இதுவும் ஆச்சிதான். தானாக வற்றுவதில்லை ஆச்சி, வற்ற வைக்கிறார்கள். கிருமி ஒழிந்ததும் ஏற்பிகளுக்குத் தட்டு விழுவது நிற்கிறது. ஏ20-யும் ஐ கப்பா பி-யும் பாதையை அடைக்கின்றன. மேக்ரோஃபேஜ்கள் செத்த நியூட்ரோஃபில்களை விழுங்குகின்றன, விழுங்கிய பிறகு அவற்றின் குணமே மாறி, டி.என்.எஃப். விடுவதை நிறுத்திவிட்டு இண்டர்லூகின்-10 என்ற அமைதிப்படுத்தும் புரதத்தை விட ஆரம்பிக்கின்றன. கொழுப்பு அமிலங்களிலிருந்து லிப்பாக்சின், ரிசால்வின் என்ற பொருள்கள் உண்டாகி, புதிதாக நியூட்ரோஃபில்கள் வராமல் தடுக்கின்றன. கசிந்த நீர் நிணநீர்க் குழாய் வழியாகத் திரும்பிப் போகிறது. சாதாரண முள்ளுக்கு மூணு நாலு நாள்.

காலில் சிவப்புக் கோடு மேலே ஏறினாலோ, குளிர்காய்ச்சல் அடித்தாலோ, சர்க்கரைக்காரர் காலாக இருந்தாலோ நாலு நாள் பார்க்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். மண்ணில் கிடந்த முள் என்றால் டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று யோசித்துப் பாருங்கள். ஆச்சிக்கு நினைவில்லை. கருங்குளம் பஸ் ஓடாத நாள் அது, பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போய்ப் போட்டுவிட்டு வந்தேன். நாலாம் நாள் சிவப்பு அடங்கி, குத்தின இடத்தில் தோல் உரிய ஆரம்பித்தது. நெறி மட்டும் இன்னும் ஒரு வாரம் கைக்குத் தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது.